பள்ளிக் கணினி ஆய்வகத்தை லினக்ஸுக்கு மாற்றலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டவும்

கேள்வி: கணினி ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். நான் பணிபுரிவது கிராமப்பகுதியில் உள்ள ஓர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி. எங்கள் ஆய்வகத்தில் இருபது கணினிகள் உள்ளன. எல்லாமே 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினிகள். விண்டோஸ் 10-இல் இயங்குபவை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி இந்தக் கணினிகளில் இல்லை. இவற்றின் பிராசசர்களும் அது ஏற்கும் தலைமுறைக்கு முந்தியவை. புதிதாக இருபது கணினிகள் வாங்கப் பள்ளியில் பணம் இல்லை என்று தாளாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கணினி பழுதுபார்க்க வந்தவர் ஒரு பென் டிரைவிலிருந்து நிறுவிக்கொடுத்த ஆபீஸ் தொகுப்பைத்தான் நாங்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். அதற்கு உரிமம் கிடையாது. பதினொன்றாம் வகுப்பில் கணினி நன்னெறிப் பாடம் நடத்தும்போது, மென்பொருளை உரிமமின்றி நகலெடுப்பது குற்றம் என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். எழுதிவிட்டுத் திரும்பினால், பிள்ளைகளுக்கு முன்னால் இருக்கும் இருபது கணினிகளிலும் அதே நகல்தான் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு மாணவி, "அப்படியென்றால் நம் ஆய்வகத்தில் இருப்பது, டீச்சர்?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று முதல் இது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆகவே, ஆய்வகம் முழுவதையும் இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸுக்கு மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். தலைமையாசிரியருக்கு மூன்று தயக்கங்கள் உள்ளன. முதலாவது, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு. வேறு பள்ளியிலிருந்து வரும் புறத்தேர்வாளர் லினக்ஸைக் கண்டு தடுமாறினாலோ, பாடநூலில் உள்ள நிரல்கள் அதில் ஓடாமல் போனாலோ மாணவர் மதிப்பெண் பாதிக்கப்படும் என்று அஞ்சுகிறார். இரண்டாவது, எங்களிடம் உள்ள தமிழ்க் கோப்புகள். பத்தாண்டு வினாத்தாள்களும் சுற்றறிக்கைகளும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. மூன்றாவதுதான் அவர் அடிக்கடி சொல்வது: "வெளியே எல்லா இடத்திலும் விண்டோஸ்தானே இருக்கிறது, நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடத்தில் பின்தங்கிவிட மாட்டார்களா?"

பள்ளியிலோ கல்லூரியிலோ இந்த மாற்றத்தைச் செய்து பார்த்தவர்கள், எது எளிதாக நடந்தது, எங்கே சிக்கல் வந்தது என்பதை விரிவாக எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், இடுக்கி மாவட்டம், கேரளம்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் தலைமையாசிரியரின் மூன்றாவது தயக்கத்திற்கு எங்கள் மாநிலத்தின் அனுபவமே பதிலாக இருக்கும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

கேரளத்தில் 2001-இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியபோது பாடநூலில் இருந்தது விண்டோஸ்தான். ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பொருளை அரசுப் பாடமாக வைக்கலாமா என்று ஆசிரியர் சங்கங்களும் கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள்) இயக்கத்தினரும் கேள்வி எழுப்பினார்கள். சில ஆண்டுகள் இரண்டும் சேர்ந்தே இருந்தன. அதன்பின் பள்ளிகள் படிப்படியாக முழுவதும் குனு/லினக்ஸுக்கு வந்து சேர்ந்தன. அந்தத் திட்டமே 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு, பாடத்திற்கு வேண்டிய மென்பொருள்கள் அனைத்தையும் சேர்த்து, பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தை அந்த நிறுவனம் வெளியிட்டு வருகிறது. எங்கள் மலைப்பகுதித் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் தமிழ்வழியில் படிப்பவர்கள். அவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலும் தமிழில் வருகிறது. அவர்கள் இங்க்ஸ்கேப்பில் படம் வரைகிறார்கள், கியூஜிஐஎஸ்ஸில் வரைபடம் தயாரிக்கிறார்கள், பைத்தானில் நிரல் எழுதுகிறார்கள். இதில் எதற்கும் பள்ளி உரிமக் கட்டணம் கட்டியதில்லை.

இங்கே படித்து வெளியேறியவர்கள் விண்டோஸ் தெரியாமல் வேலையிழந்ததாக நான் கேள்விப்படவில்லை. லிபரே ஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலகத் தொகுப்பின் விரிதாளான கால்க்கில் ஒரு சூத்திரத்தை எழுதி, அதை நூறு வரிகளுக்கு இழுத்து நிரப்பப் பழகிய பிள்ளைக்கு, எக்செலில் அதே வேலையைச் செய்ய அரை மணி நேரம் போதும். எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்த பிள்ளைதான் அடுத்த பதிப்பு வந்ததும் திணறுகிறது.

எங்கள் வெற்றிக்குக் காரணம் லினக்ஸ் மட்டும் அன்று. ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளராக இருக்கிறார். கணினியில் ஏதாவது நின்றுபோனால் முதலில் பார்ப்பவர் அவர். அவரால் முடியாவிட்டால் மாவட்டத்தில் உள்ள மாஸ்டர் டிரெய்னரைக் கேட்பார். கணக்கு, அறிவியல், மொழி என எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் பயிற்சி நடந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வே அந்த இயங்குதளத்தில்தான் நடக்கிறது. தேர்வு எதில் நடக்கிறதோ அதைத்தான் பள்ளியும் பிள்ளையும் பெற்றோரும் மதிப்பார்கள். உங்கள் பள்ளி தனித்து இதைச் செய்யப்போகிறது. பின்னால் தாங்க ஒரு துறை இல்லை. ஆகையால், உங்களைத் தவிர இன்னும் ஓர் ஆசிரியராவது இதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மாற்றலாகியோ விடுப்பிலோ சென்றால், மறுவாரமே யாரோ ஒருவர் பழைய பென் டிரைவோடு வந்துவிடுவார்.

மறுமொழி 2: கணினி ஆசிரியர், அரசு மேல்நிலைப் பள்ளி, விழுப்புரம் மாவட்டம்

வணக்கம் அம்மா. எங்கள் ஆய்வகத்தில் பதினைந்து கணினிகளை லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகைக்கு மாற்றி மூன்று கல்வியாண்டுகள் ஆகின்றன. இரண்டு செய்முறைத் தேர்வுகளும் அதில் முடிந்துவிட்டன. கேரள நண்பர் சொன்னது போன்ற துறை ஆதரவு இல்லாத நிலையில் எனக்கு வந்த சிக்கல்களையே எழுதுகிறேன், உங்களுக்கும் அவையே வரும்.

பதினொன்றாம் வகுப்பு சி++ நிரல்களுக்கு ஜி++ தொகுப்பியும் (நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் கருவி) ஜீனி என்ற எடிட்டரும் போதும். நாம் விண்டோஸில் பயன்படுத்தும் டெவ் சி++-க்குள் இருப்பதும் இதே ஜி++ தான் என்பதால், நிரலில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பைத்தானில்தான் கவனம் வேண்டும். முதலாவதாக, முனையத்தில் (கட்டளைகளை அடிக்கும் சாளரம்) பைத்தான் என்று அடித்தால் கட்டளை கிடைக்கவில்லை என்று வரலாம். பைத்தான்3 என்று அடிக்கப் பழக்குங்கள். பைத்தான் நிரல் எழுத உதவும் ஐடில் தனியே நிறுவ வேண்டிய தொகுப்பு. தரவுக் காட்சிப்படுத்தல் பாடத்திற்கான மேட்பிளாட்லிப் என்ற வரைபட நிரல் நூலகத்தை, பாடநூலில் உள்ளபடி பிப் கட்டளையால் நிறுவ முயன்றால், இப்போதைய பதிப்புகள் மறுத்துவிடும். மென்பொருள் மேலாளர் வழியாகவே நிறுவிக்கொள்ளுங்கள். எஸ்கியூலைட் தரவுத்தளப் பாடம் எந்த மாற்றமும் இன்றி அப்படியே ஓடும்.

பைத்தானிலிருந்து சி++ நிரலைத் தொகுத்து இயக்கும் பாடத்தில்தான் நான் முதல் ஆண்டு மாட்டிக்கொண்டேன். அந்த நிரல், தொகுத்த கோப்புக்கு எக்ஸி என்ற பின்னொட்டை வைத்து, அடுத்த வரியில் அந்தப் பெயரை மட்டும் சொல்லி இயக்கும். விண்டோஸ், தான் நிற்கும் அடைவிலேயே (ஃபோல்டர்) அந்தக் கோப்பைத் தேடி எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அப்படித் தேடாது. தொகுப்பு பிழையின்றி முடியும், ஆனால் வெளியீடு வராது. பிள்ளைகள் நிரலை மூன்று முறை சரிபார்த்துவிட்டுக் கண்கலங்கி நின்றார்கள். கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்த்தால் போதும், ஓடிவிடும். இதை ஆண்டின் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டால், இயங்குதளம் ஒரு கட்டளையை எங்கே தேடுகிறது என்ற பாடமும் கூடவே நடந்துவிடும். விண்டோஸில் மட்டும் நடத்தியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. புறத்தேர்வாளர் வந்த அன்று, ஒரு கணினியில் பத்து நிமிடம் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டினேன்; பிறகு அவர் எந்தக் குறையும் சொல்லவில்லை.

தமிழ்க் கோப்புகள்தான் உண்மையான தலைவலி. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வினாத்தாளைத் திறந்தால், புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். இது லினக்ஸ் கொண்டுவந்த சிக்கல் அன்று. அதே கோப்பை எழுத்துரு இல்லாத வேறு விண்டோஸ் கணினியிலோ கைப்பேசியிலோ திறந்தாலும் இதே கதைதான். பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் தமிழ்க் கணிமை என்று ஒரு பாடமே வைத்திருக்கிறோம். தமிழக அரசும் 2010-லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே, பழைய கோப்புகளில் மறுபடியும் தேவைப்படுபவற்றை மட்டும் எழுத்துரு மாற்றி கொண்டு ஒருங்குறிக்குக் கொண்டுவாருங்கள். மாற்றிய பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம்மாறி, கொ என்பது கெ என்றும் தனித்த கால் என்றும் பிரிந்து நிற்பதைக் கண்ணால்தான் பிடிக்க முடியும். வேதியியல் வினாத்தாளில் உள்ள சமன்பாடுகள் ஆங்கிலத்தில் இருப்பதால், மாற்றி அவற்றையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். அந்த இடங்களை முன்பே தனியே எடுத்துவைத்துவிடுங்கள். எனக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகளை முடிக்க ஒரு கோடை விடுமுறை ஆயிற்று, ஆனால் அது ஒருமுறை செய்தால் தீர்ந்துபோகிற வேலை.

தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, பழைய டைப்ரைட்டர் முறை, ஒலியியல் முறை மூன்றும் கிடைக்கும். எங்கள் இளநிலை உதவியாளர் முப்பது ஆண்டுகளாக டைப்ரைட்டர் முறையில் அடிப்பவர். அந்தத் தளவமைப்பைக் காட்டியதும் அவருடைய எதிர்ப்பு பாதியாகக் குறைந்தது. லிபரே ஆபீஸில், மொழி அமைப்பில் சிக்கலான எழுத்துமுறைக்கான தேர்வை இயக்கி, பாணியில் தமிழுக்கான எழுத்துருவைத் தனியே குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் ஆங்கிலத்துக்கு வைத்த எழுத்துருவும் அளவும் தமிழுக்குப் பொருந்தாமல் பக்கம் கலைந்துபோகும்.

பள்ளி அலுவலகக் கணினியைத் தொடாதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸ் உலாவியிலேயே இயங்குவதால் அதில் சிக்கல் இல்லை. ஆனால் டிஜிட்டல் கையொப்பக் கருவியும் பழைய அச்சுப்பொறியும் அந்தக் கணினியோடு பழகியவை. எங்கள் அச்சுப்பொறிக்கு லினக்ஸில் ஒழுங்கான டிரைவர் கிடைக்காமல் நான் இரண்டு வாரம் வீணாக்கினேன். ஆய்வகத்தில் ஒரே ஒரு கணினியை முழுமையாகத் தயார் செய்து சோதித்தபின், குளோன்சில்லா என்ற வட்டு நகலெடுக்கும் மென்பொருள் கொண்டு அதன் பிரதியை மற்றவற்றில் ஏற்றிவிடுங்கள். ஒரே நாளில் இருபதும் முடிந்துவிடும்.

மறுமொழி 3: வணிகவியல் ஆசிரியர்

ஒரு சிறு எச்சரிக்கை. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலின் கடைசிப் பாடம் டேலி. அது விண்டோஸுக்கென எழுதப்பட்ட மென்பொருள். குனுகேஷ் போன்ற கட்டற்ற கணக்கு மென்பொருள்கள் நல்லவைதான், இரட்டைப் பதிவு முறையைப் புரியவைக்க நானே அவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆனால் பாடநூல் கேட்பதும், பிள்ளைகள் அருகிலுள்ள நகரக் கடைகளில் வேலைக்குச் சேரும்போது கேட்கப்படுவதும் டேலிதான். வணிகவியல் பிரிவு உங்கள் பள்ளியில் இருந்தால், மூன்று அல்லது நான்கு கணினிகளில் இரண்டு இயங்குதளங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை இணையத்தோடு இணைக்காமல் வைத்தால் பாதுகாப்புக் கவலையும் குறையும். அதற்காக மீதமுள்ள கணினிகளை விண்டோஸிலேயே விட்டுவைக்க வேண்டியதில்லை.

மறுமொழி 4: பேராசிரியர், பொறியியல் கல்லூரி, கோவை

அம்மா, கல்லூரிகளில் நடந்ததையும் கேட்டிருக்கிறீர்கள். பொறியியலில் நான் கண்டதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில், விலை மிகுந்த கணக்கீட்டு மென்பொருள் ஒன்றின் உரிமம் பருவத்தின் நடுவே காலாவதியாகிவிட்டது. புதுப்பிப்பதற்கான கோப்பு நிர்வாகத்தின் மேசையில் கிடந்தது. இறுதியாண்டு மாணவர்கள் ஆறு மாதம் உழைத்துத் தயாரித்த மாதிரிகள் அவர்களுடைய சொந்தக் கோப்புகளில்தான் இருந்தன. ஆனால் அவற்றை அவர்களால் இயக்கிப் பார்க்க முடியவில்லை. திட்ட ஆய்வுக்கு ஒன்பது நாள்கள் இருந்த நிலையில், நான்கு மாணவர்கள் என்னோடு உட்கார்ந்து அந்த நிரல்களை ஆக்டேவ் என்ற கட்டற்ற கணக்கீட்டு மென்பொருளுக்கு மாற்றினார்கள். பெரும்பகுதி மாற்றமே இல்லாமல் ஓடியது. படம் வரையும் பகுதிகளை மட்டும் திருத்தினோம். தாம் எழுதியதைத் திறக்கவே பிறருடைய அனுமதி தேவைப்படும் நிலையில் மாணவர்களை வைப்பது சரியன்று என்று அன்று முடிவு செய்தேன். விலையைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இந்தக் கருவிகளில் பல, வகுப்பறைத் தேவையிலிருந்தே பிறந்தவை. வேதி உலை வடிவமைப்புப் பாடநூல் ஒன்றுக்குத் துணையாக ஒரு மென்பொருள் வேண்டும் என்ற எண்ணத்தில் தோன்றியது ஆக்டேவ். புள்ளியியல் துறைகளில் இன்று எங்கும் காணப்படும் ஆர் மொழி நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவானது. நம் நாட்டில் மும்பை ஐஐடியின் ஃபாஸி திட்டம், நூற்றுக்கணக்கான பொறியியல் பாடநூல்களின் தீர்வுக் கணக்குகளைச் சைலாப் என்ற கட்டற்ற கணக்கீட்டு மென்பொருளில் மாணவர்களைக் கொண்டே எழுதவைத்து இலவசமாக வெளியிட்டிருக்கிறது. அதே நிறுவனத்தின் ஸ்போக்கன் டுட்டோரியல் காணொளிகள் தமிழிலும் உள்ளன. சுமார் பத்து நிமிடத்தில் ஒவ்வொன்றாகச் செய்துகாட்டும் அவை, பள்ளி ஆசிரியர்களுக்கும் பயன்படும். லிபரே ஆபீஸ், லினக்ஸ் வரிசைகளிலிருந்து தொடங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மாற்று இருக்கிறது என்று சொல்லி உங்களைத் தவறாக வழிநடத்த மாட்டேன். கட்டடப் பொறியியல் வரைபடங்களில் தொழில்துறை எதிர்பார்க்கும் கோப்பு வடிவத்தைக் கட்டற்ற மென்பொருள்கள் இன்னும் முழுமையாகக் கையாள்வதில்லை. அங்கே நாங்கள் உரிமம் வாங்கியே பயன்படுத்துகிறோம். ஆனால் நூலகத்தில் கோஹா, இணையவழிப் பாடங்களுக்கு மூடுல், கணினி ஆய்வகங்களில் முழுவதும் லினக்ஸ் என்று எங்கள் கல்லூரி நிலைபெற்றுவிட்டது.

உங்கள் மாணவர்கள் வீட்டில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டுப் பாருங்கள். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகள் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸ் வகையையும் கொண்டு வந்தன. அப்போது என்னிடம் சேர்ந்த முதலாண்டு மாணவர்களில் மிகச் சிலரே அந்த லினக்ஸ் பக்கத்தைத் திறந்திருந்தார்கள். யாரும் காட்டவில்லை, தேர்விலும் கேட்கவில்லை என்றார்கள். வகுப்பில் எடுத்துக்காட்டாத நானும் அதற்குப் பொறுப்பு.

கேட்டவர்: கணினி ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்துத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டுத் தாளாளரிடமும் காட்டினார். முதலில் ஆறு கணினிகளை மட்டும் மாற்றவும், அரையாண்டுத் தேர்வு வரை அவற்றில் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைகளை நடத்திப் பார்க்கவும் அனுமதி கிடைத்திருக்கிறது. வணிகவியல் ஆசிரியர் ஐயா சொன்னபடி நான்கு கணினிகளை இரண்டு இயங்குதளங்களோடு ஒதுக்கிவைக்கிறோம். இயற்பியல் ஆசிரியர் ஒருவர் என்னோடு சேர்ந்து கற்றுக்கொள்ள முன்வந்திருக்கிறார். இடுக்கி ஐயாவின் நிபந்தனை அதனால் நிறைவேறிவிடும் என்று நம்புகிறேன்.

நேற்று மாலை ஒரு கணினியில் பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பார்த்தேன். சி++ நிரல் ஓடியது. விழுப்புரம் ஐயா சொன்ன பைத்தான் நிரலில் புள்ளியும் சாய்கோடும் சேர்த்ததும் அதுவும் ஓடியது. பழைய வினாத்தாள் ஒன்றை மாற்றிப் பார்த்ததில் 'கொள்கை' என்ற சொல் ஐந்து இடங்களில் உடைந்திருந்தது; கையால் திருத்தினேன். இனி ஒரு கேள்விதான் மீதம் இருக்கிறது. மாணவர்கள் எல்லோரும் ஒரே பயனர் கணக்கில் நுழைந்தால் ஒருவர் கோப்பை மற்றவர் அழித்துவிடுகிறார்கள். நூற்றிருபது மாணவர்களுக்கும் தனித்தனிக் கணக்கு தொடங்குவதா, அல்லது கணினிக்கு ஒரு கணக்கு வைத்து வகுப்பு முடிந்ததும் கோப்புகளை ஒரே இடத்தில் சேர்ப்பதா? விழுப்புரம் ஐயா உங்கள் பள்ளியில் எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுத முடியுமா?

மறுமொழி 5: கணினி ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

கணினிக்கு ஒரு கணக்கு வையுங்கள், அம்மா. அதற்குள் வகுப்புக்கும் பிரிவுக்கும் ஓர் அடைவு, அதற்குள் தேர்வு எண்ணின் பெயரில் ஓர் அடைவு என்று பிரித்து, மாணவர் எப்போதும் ஒரே கணினியில் உட்காருமாறு இருக்கை எண் கொடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை எல்லா அடைவுகளையும் ஆசிரியர் கணினிக்கு நகலெடுக்கிறேன். அதற்கு நான்கு வரியில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. வரி வரியாக விளக்கத்தோடு நாளை இங்கேயே பதிவிடுகிறேன். செய்முறைத் தேர்வு அன்று மட்டும் தேர்வுக்கெனப் புதிய கணக்கு ஒன்றைத் திறந்துவிடுங்கள். பழைய நிரல்கள் எதுவும் அதில் கண்ணில் படாது.